துணியைக் கீழே போடு, பேராண்டி

பேராண்டி, நீ வாங்கியிருக்கிற சிவப்பு புரோட்டான் சாகா காடியைப் பாத்தேன். நீ சிவப்புன்னு சொன்னதால அது சிவப்பு. சொல்லாம விட்டிருந்தா நான் ரோசான்னுதான் எழுதிக் குடுத்திருப்பேன். கூரையை ஒரு தடவு தடவினேன், உள்ளங்கையெல்லாம் செந்தூளு. கழுவுறதா, நெத்தியில வச்சுக்கிறதான்னு கொஞ்ச நேரம் யோசனையாப் போச்சு.

அதுக்குள்ள நீ கம்பவுண்டு டப்பா, பழைய பனியன், ஒரு வாளித் தண்ணி எல்லாத்தையும் பரப்பி வச்சுட்டு, வெயில்ல நின்னு பானட்டை வட்டம் வட்டமா தேய்க்க ஆரம்பிச்சுட்டே. சிங்கம்டா நீ. பாயான் லெப்பாஸ்ல சிப் செய்யற இடத்துல வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை, ஒரு தூசி உள்ள போயிடக் கூடாதுன்னு மூஞ்சியையே மூடிக்கிட்டு நிக்கிறவன். வீட்டுக்கு வந்ததும் தரையில விழுந்த பனியனை எடுத்து ரெண்டு உதறு உதறி, அதாலேயே காடியைத் துடைக்கிற. வேலையிடத்துப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு யாரோ உனக்கு நல்ல புத்தி சொல்லியிருக்காங்க.

அந்தத் துணியைக் கீழே போடு. போட்டுட்டியா? இனிமே அதை எடுக்காதே.

சிவப்புதான் வேணும்னு நீ ஒத்தக்கால்ல நின்னது ஏன்னு எனக்குத் தெரியும். 1985 ஜூலை 9ஆம் தேதி சாகாவை அறிமுகப்படுத்தினாங்க. அதே வருஷம் செப்டம்பர் 14, பினாங்குப் பாலத்தைத் திறந்து வச்ச அன்னைக்கு, பிரதமர் மகாதீர் சிவப்பு சாகா ஒண்ணைத் தானே ஓட்டிக்கிட்டுப் பாலத்தைக் கடந்தாரு. அதுவரைக்கும் பட்டர்வொர்த்துல ஃபெர்ரிக்கு வரிசை பிடிச்சுக் காடிக்குள்ளேயே தூங்கின சனம், 13.5 கிலோமீட்டர் பாலத்தைப் பாத்து வாயைப் பொளந்துச்சு. அந்தப் படத்தை நீ எங்கேயோ பாத்துட்டே. படத்துல இருக்கிற காடி அன்னைக்குப் புத்தம் புதுசு. உன் காடி உன்னை விட வயசுல மூத்தது. சட்டப்படி நீ அதை அண்ணன்னு கூப்பிடணும்.

சரி, அண்ணனுக்கு என்ன வியாதின்னு பாப்போம். சாயம்ங்கிறது ரெண்டு சரக்கு. நிறம் குடுக்கிற தூளு ஒண்ணு, அந்தத் தூளைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கிற பிசின் ஒண்ணு. வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர் பிசினைத்தான் முதல்ல தின்னும். பிசின் போனதும் தூளு ஆதரவில்லாம மேல நிக்கும், கை பட்டா கையோட வந்துடும். வெள்ளைக் காடிக்கும் இதே கதிதான், ஆனா அதுல இருக்கிற டைட்டானியம் தூளு உதிர்ந்தாலும் வெள்ளையாவே இருக்கிறதால ஊருக்குத் தெரியாது. சிவப்புத் தூளுங்க பலதும் அப்படி இல்லை, வெயில் பட்டா அதுங்களே வெளிறிப் போகும். மானம் போறது சிவப்புக்குத்தான்.

நம்ம தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே அஞ்சரை டிகிரிக்குள்ள கிடக்கு. வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் முதல் வாரத்துலயும் செப்டம்பர் ரெண்டாவது வாரத்துலயும், சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வந்து நிக்கும். அதுவும் கடிகாரத்துல பன்னெண்டு மணிக்கு இல்லை. 1982 பிறந்தப்ப தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால தள்ளி, சபா சரவாக்கோட ஒண்ணாக்கினாங்க. கடிகாரம் கேட்டுக்கிச்சு, சூரியன் கேக்கலை. நமக்கு உச்சி வெயில் ஒண்ணேகால் மணி வாக்குல. நீ சாப்பிட்டுட்டுக் கரெக்டா ஒரு மணிக்கு டப்பாவோட கீழ இறங்கினே. சோசியரைக் கேட்டு நேரம் குறிச்சியா? அந்தச் சூட்டுல கம்பவுண்டு வச்ச உடனே காஞ்சு பொடியாகும். நீ பாலிஷ் போடலை, பொடியை வச்சுத் தகட்டை வறண்டிக்கிட்டு இருந்தே. தகட்டுல உள்ளங்கையை வச்சா சில்லுன்னு இருக்கணும், அதுதான் நேரம். விடியக்காலை, இல்லைன்னா ஃபிளாட்டுக்கு அடியில நிழல்ல.

அடுத்து, சாயம் எத்தனை அடுக்குன்னு தெரியணும். வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் வச்சுக் கதவுக்கு அடியில, யாரும் பாக்காத இடத்துல தேய்ச்சுப் பாரு. துணி சிவந்தா ஒரே அடுக்குச் சாயம், நிறமும் மினுக்கும் ஒண்ணா கலந்தது. துணியில நிறம் ஏறலைன்னா மேல கிளியர் கோட்டு இருக்கு. உன் கூரைக்கு இந்தச் சோதனையை என் கையே செஞ்சு முடிச்சுடுச்சு. ஆனா பானட்டுல தேய்ச்ச உன் பனியனைப் பாத்தேன், சிவக்கவே இல்லை. யாரோ ஒருத்தன் எங்கேயோ ஒரு பட்டறையில பானட்டுக்கு மட்டும் மறுசாயம் அடிச்சு, மேல கிளியர் கோட்டு போட்டிருக்கான். அதான் கூரை தூளா உதிருது, பானட்டு ஓரத்துல தோல் உரியுது. ஒரே காடி, ரெண்டு வியாதி, மருந்து மட்டும் ஒரே டப்பாவா?

உரியுற இடத்துக்கு எந்த டப்பாவுலயும் மருந்து இல்லை. கிளியர் கோட்டு அடிச்சாயத்தை விட்டுக் கிளம்பிடுச்சுன்னா திரும்ப ஒட்டாது. சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும், அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க விளிம்பு கிளம்பி வெள்ளைத் திட்டு பெருசாகும். உள்ளங்கை அளவு இருந்ததை நீ ஒரே மத்தியானத்துல தாம்பாள அளவுக்குக் கொண்டு வந்துட்டே. வளர்ச்சிதான்.

ராத்திரி விளக்கடியில நிறுத்தினா பானட்டு முழுக்கச் சிலந்தி வலை தெரியுதுன்னு புலம்பினியே, அதுக்கு வர்றேன். அங்க வலையும் இல்லை, வட்டமும் இல்லை. பொடிப்பொடிக் கீறல் எல்லாத் திசையிலயும் ஓடுது. அதுல எது வெளிச்சத்துக்குக் குறுக்க கிடக்கோ அது மட்டும் உன் கண்ணுக்கு மின்னும், அதான் விளக்கைச் சுத்தி வட்டமாத் தெரியுது. நீ நகர்ந்தா வட்டமும் கூடவே நகரும். சந்தேகமா இருந்தா கைவிளக்கை எடுத்துக்கிட்டு ஒரு நடை நடந்து பாரு, அக்கம்பக்கத்துல யாரும் போலீசைக் கூப்பிடாம இருந்தா சரி.

இந்தக் கீறலையெல்லாம் போட்டது திருடன் இல்லை, காடி மேல உசுரையே வச்சிருந்தவன். காலையில பசியாறிட்டு வெளிய வந்ததும் கோழியிறகுத் துடைப்பத்தை எடுத்து, காஞ்ச தூசியோட காடியை நாலு வீசு வீசுவான் பாரு, அவன்தான். கோழி மேல பழி போடாதே, இறகுக்கும் சாயத்துக்கும் நடுவுல மாட்டின மணலுதான் கீறும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு, நேத்து டயர் துடைச்ச ஸ்பான்சு, மாப் பிழிஞ்ச வாளி, இதெல்லாம் மத்த உறவுக்காரங்க. கண்டுக்காம வெயில்ல போட்டவன் ஒரு வழியில கெடுத்தான், கண்ணும் கருத்துமாத் துடைச்சவன் இன்னொரு வழியில கெடுத்தான். ரெண்டு பேரோட உழைப்பையும் நீ ஒரே விலைக்கு வாங்கியிருக்கே.

கிட்ட வா, பட்டறைக்காரன் சொல்லாத ஒண்ணு சொல்றேன். கீறலை யாராலயும் எடுக்க முடியாது. கீறல்ங்கிறது பள்ளம். பள்ளத்தை எப்படிடா எடுப்பே? சுத்தி இருக்கிற மேட்டைச் சீவிச் சீவி அந்தப் பள்ளத்தோட மட்டத்துக்கு இறக்கலாம், அதுதான் வேலையே. கீறல் போச்சுன்னு நீ கைதட்டுறப்ப உண்மையில போனது சாயம். தொழிற்சாலையில அடிச்ச சாயம் அடியிலேர்ந்து மேல வரைக்கும் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100லேர்ந்து 150 மைக்ரான். கிளியர் கோட்டு இருந்தா அது மட்டும் ஒரு 40, 50. தலைமுடி ஒண்ணு சுமார் 70. என் தலையில அளக்க வராதே, இருக்கிறதே கொஞ்சம். முரட்டுக் கம்பவுண்டு ஒரு தரம் போட்டா ரெண்டு மூணு மைக்ரான் போயிடும், மெல்லிசான பாலிஷ்னா ஒண்ணுக்கும் கீழ. மைக்ரான்னா என்னன்னு நான் உனக்குப் பாடம் எடுக்கணுமா? அதை எண்ணித்தானே மாசாமாசம் சம்பளம் வாங்குற.

அளக்கிறதுக்குக் கருவி இருக்கு, தகட்டு மேல வச்சா எண் காட்டும். 100, 120ன்னு காட்டினா ஆலைச் சாயம். 300ன்னு காட்டினா மேல மேல அடிச்சிருக்காங்க. 1000ஐத் தாண்டினா அடியில புட்டி இருக்கு, அண்ணன் எங்கேயோ முட்டிக்கிட்டு வந்திருக்காரு. காடி வாங்கறதுக்கு முந்தி இந்தக் கருவியோட போயிருக்கணும். நீ ஸ்பீக்கரைப் போட்டுப் பாட்டு கேட்டு வாங்கினே.

நான் செபராங் பிறைத் தோட்டத்துல பால்மரம் வெட்டின ஆளு. உளியைப் பிடிச்சுப் பட்டையைச் சீவறப்ப ஆழம் கட்டைக்குக் கிட்ட போகணும், கட்டையைத் தொட்டுடக் கூடாது, நடுவுல ஒரு மில்லிமீட்டர் விடணும். மேலோட விட்டா பாலு சரியா இறங்காது. ஒரு மயிரிழை ஆழமாப் போனா மரத்துல காயம், கிராணி வாயில நம்ம பரம்பரையே புரளும். இருட்டுல, கொசுக்கடியில, நெத்தி விளக்கு வெளிச்சத்துல அந்தக் கணக்கு கையிலேயே நிக்கணும். உன் வேலையும் அதேதான். என்ன, மரத்துக்கு வெட்டின பட்டை சில வருஷத்துல திரும்ப வளரும். காடிக்கு வளருதான்னு நானும் தினம் எட்டிப் பாக்குறேன், வளர்ற அறிகுறியே காணோம்.

அதனால எந்தக் கீறலை விரட்டுறது, எதைக் கும்பிட்டு விடுறதுன்னு முதல்ல முடிவு பண்ணு. நகத்தைக் கீறலுக்குக் குறுக்க மெதுவா இழு. நகம் மாட்டினா விட்டுடு, அதைத் துரத்தினா இரும்பைப் பாத்துட்டுத்தான் திரும்புவே.

பற்பசை தேய்ச்சா போயிடும்னு உன் கூட்டாளி சொன்னானாமே. நல்ல பையன், அவனுக்குப் பல்லு சுத்தமா இருக்கு. பற்பசையில அரைக்கிற துகள் இருக்குதான், ஆனா அது பல்லுக்குன்னு அளவு பாத்துப் போட்டது. காடியில தேய்ச்சா ஒரு கீறல் மங்கும், பக்கத்துல நாலு புதுசா முளைக்கும், புதினா வாசனை மட்டும் நிச்சயம். இன்னொருத்தன் தேங்காயெண்ணெய் தடவுன்னானாம், எதுத்த வீட்டுக்காரன் மண்ணெண்ணெய்னானாம். தடவினா பளபளக்கும், நான் இல்லைன்னு சொல்லலை. தேஞ்ச சாயம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமா கிடக்கும், வெளிச்சம் பட்டதும் நாலா பக்கமும் சிதறும், அதான் வெளிறித் தெரியுது. பள்ளத்தை எண்ணெய் நிரப்பினா சிதறாம நேரா திரும்பும். தண்ணி நிரப்பினாலும் அதே கதைதான். மழையில நனைஞ்ச எந்தக் காடியும் மாப்பிள்ளைதான். நீ இதை எப்பப் பாத்து வாங்கினே? அக்டோபர்லயா? சாயங்காலம், மழை விட்டதும்? அப்படித்தான் நெனச்சேன்.

பழைய காடி விக்கிறவங்க சிலரு இன்னும் ஒரு படி மேல. கீறலை நிரப்புற கிளேஸ்னு ஒண்ணு இருக்கு, அதைத் தடவிக் காட்டுவாங்க, கண்ணாடி. நாலு தடவை கழுவினதும் கீறல் குடும்பத்தோட திரும்ப வரும். ஆல்கஹால் கலந்த தண்ணியை ஒரு இடத்துல தெளிச்சுத் துடைச்சா நிரப்பினது போயி நிஜ மூஞ்சி தெரிஞ்சுடும். உன் வேலையையும் நீ அப்படித்தான் சோதிக்கணும். ஒவ்வொரு இடமும் முடிஞ்சதும் துடைச்சுப் பாரு. உன்னையே ஏமாத்திக்கிறதுக்கு எதுக்குடா இவ்வளவு சிரமம், எண்ணெய் தடவிட்டுப் போயிடலாமே.

இப்ப வேலைக்கு வா. ரெண்டு வாளி எடு, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல வெறுந்தண்ணி. துணியை வெறுந்தண்ணியில அலசாம ஷாம்புல விடக் கூடாது. கூரையிலேர்ந்து கீழ இறங்கு, கீழ்ப்பக்கத்து மணலைக் கூரைக்கு ஏத்தாதே. காஞ்சதும் கையில ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டுத் தடவு. வெறுங்கைக்கு வழவழன்னு இருந்தது பைக்குள்ள சொரசொரன்னு தெரியும். அங்கசானா மரத்துப் பிசினு, ரோட்டுத் தாரு, பிரேக்குலேர்ந்து பறந்து ஒட்டின இரும்புத் துகள், எல்லாம் உள்ள பதிஞ்சு கிடக்கு. அதுக்குன்னு களிமண் கட்டி விக்கிறாங்க. வழுக்கத் தண்ணி தாராளமா தெளிச்சு, அழுத்தாம இழு. கட்டி கீழ விழுந்தா அன்னையோட அதுக்குக் காரியம் முடிஞ்சது. ஏழு வெள்ளி போச்சேன்னு எடுத்துத் துடைச்சுத் திரும்ப வச்சே, எழுநூறு வெள்ளிக்குக் கீறல் போடுவே.

கூரைக்கு நேரா கம்பவுண்டைத் தூக்கிட்டுப் போகாதே. ஒரே அடுக்குச் சாயம் வறண்டு கிடக்கு, அதுக்கு முதல்ல தாகம் தீரட்டும். மெகுவையர்ஸ்ல 7ஆம் நம்பர்னு ஒரு பழைய கிளேஸ், எண்ணெய்ப் பசை ஜாஸ்தி. பழைய காடி வச்சிருக்கிறவங்க அதைத் தாராளமாத் தடவி ராத்திரி முழுக்க ஊற விடுவாங்க. மறுநாள் டவல் துணியால தேய்ச்சு எடுத்தா செத்த சாயம் துணியோட வந்துடும், அடியில சிவப்பு எட்டிப் பாக்கும். அதுக்கு அப்புறமும் மங்கலா இருந்தாத்தான் மெல்லிசு பாலிஷ். துணி சிவக்கும், பயப்படாதே. பாட்டியோட டவலை எடுத்தே, அப்ப பயப்படு.

பானட்டுல உரியாத இடத்துக்கு மெஷின் வாங்கப் போறேன்னு சொன்னே. டிஏ மெஷினா வாங்கு. சுத்திக்கிட்டே ஆடவும் ஆடும், சூடு ஒரே இடத்துல நிக்காது. ஒரே அச்சுல சுத்துற ரோட்டரியை வீரனுங்களுக்கு விட்டுடு. அது கை தப்பினா ஒரு நொடியில சாயத்தைச் சுட்டுடும், தப்பாட்டாலும் வெயில்ல ஹோலோகிராம் கோடு கோடாத் தெரியும். சாகாவோட உடம்பெல்லாம் விளிம்பு, அந்தக் காலத்துல ஸ்கேலு வச்சுத்தான் வரைஞ்சிருக்காங்க. ஈரச்சாயம் விளிம்புல நிக்காம வழிஞ்சு போறதால அங்கதான் எப்பவும் மெல்லிசு. விளிம்புலயும், கருப்புப் பிளாஸ்டிக்குலயும் டேப் ஒட்டு. அப்புறம் ரெண்டடிக்கு ரெண்டடி ஒரு இடத்தை எடுத்துக்க, மெல்லிசு பேடு, மெல்லிசு பாலிஷ், அதுலேர்ந்து ஆரம்பி. அது போதலைன்னாத்தான் ஒரு படி முரட்டுக்குப் போ. எல்லாரும் தலைகீழா செய்யறாங்க, டப்பாவுல 'ஹெவி'ன்னு போட்டிருந்தா வெள்ளிக்கு நிறைய கிடைச்ச திருப்தி. பேடு அடிக்கடி அடைச்சுக்கும், பிரஷால சொரண்டு, ரெண்டு மூணு பேடு மாத்தி மாத்தி வச்சுக்க. தொண்ணூறு சதவீதம் போச்சுன்னா மெஷினை அணைச்சுடு. மிச்சத்தை எடுக்கப் போறவன்தான் அடிச்சாயத்தைப் பாக்கிறவன்.

கடைசியா மெழுகு. கார்னாபாவோ வேற சீலண்டோ, உன் சௌகரியம். நம்ம வெயிலுக்கும் மழைக்கும் மெழுகு ரொம்ப நாள் நிக்காது, திரும்பத் திரும்பப் போடணும். கடையில செராமிக் கோட்டிங் போடச் சொல்வாங்க, வருஷக்கணக்கா நிக்கும்பாங்க. நிக்கும்தான். கீறலோட போட்டா கீறலும் சேர்ந்து வருஷக்கணக்கா நிக்கும். காக்கா எச்சம் விழுந்தா மட்டும் சாயங்காலம் பாத்துக்கலாம்னு விடாதே. வெயில்ல இளகின சாயத்துல அது ஒரே மத்தியானத்துல குழி போட்டுடும். நனைச்சு, ஊற வச்சு, ஒத்தி எடு. கட்டைவிரலால சொரண்டுறதுதான் உங்க அப்பன் வழக்கம், அவன் காடியைப் போயிப் பாரு.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலைக்கு இந்தக் காடியிலதான் போகணும்னு ஆசைப்படுற. அன்னைக்கு அந்த ரோட்டைத்தான் அடைச்சுடுவாங்களே. எங்கேயோ தூரத்துல நிறுத்திட்டு எல்லாரோடயும் நடந்துதான் போகணும், உன் பளபளப்பை மரத்துல இருக்கிற காக்காதான் பாக்கும். அது பாத்தா என்ன பண்ணும்னு இப்பத்தான் சொன்னேன். அதனால அவசரப்படாதே. பானட்டுக்குக் காசு சேத்து நல்ல பட்டறையில குடு. கூரையையும் கதவையும் நாமளே பாத்துக்கலாம். சனிக்கிழமை விடியக்காலை ஏழு மணிக்குக் கீழ வர்றேன், வர்றப்பவே ஒட்டுக்கடையில எனக்கு ரெண்டு ரொட்டி சானாய் கட்டிக்கிட்டு வந்துடு. நாற்காலியை நானே கொண்டு வர்றேன். ஒண்ணுதான் கொண்டு வருவேன்.